செராமிக் பிரேக் பேட்: சிங்கப்பூர் பி.ஐ.இ. விரைவுச்சாலைக்குச் சரி, கெந்திங் மலை இறக்கத்துக்கு?

முன்சக்கர செராமிக் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை; செட்டுக்கு நான்கு. 1,300 கிலோ செடானை வைத்துச் சொல்வதானால், ஊருக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீச்சொலி கிடையாது, ரிம்மில் கறுப்புத் தூள் குறைவு, காலையில் புளோக் கார்நிறுத்துமிடத்தை விட்டு இறங்கும்போதே பிடித்துவிடுகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் "குறைந்த தூரத்தில் நிற்கும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காலடியில் தடதடக்கிறதா? அப்படியென்றால் பழைய பேடே டயர் தாங்கும் அளவுக்குப் பிடிக்கிறது. அதற்குமேல் டயர், மழை, வேகம். உலர்ந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 90-இல் 45 மீட்டர் ஓடும். வேகம் ஒன்றரை மடங்குதான், இயக்க ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் ஓடும் 25 மீட்டர் தனிக் கணக்கு.

பேடின் குணம் சூட்டில்தான் தெரியும். 50-இல் போகும் அந்த வண்டியை நிறுத்தினால் 125 கிலோஜூல் வெப்பமாகிறது. மலேசிய நெடுஞ்சாலையில் 110 என்றால் 607. கெந்திங்கிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்குவது சுமார் 12,700. அதாவது 110-லிருந்து இருபத்தொரு முறை நிறுத்தியதற்குச் சமம், நடுவில் ஆற நேரமில்லாமல். கியரைக் குறைத்தால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆட்டோ கியரை டி-யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான்.

இந்த செட்டின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது எஃப்ஈ. முதலெழுத்து சாதாரணச் சூட்டு உராய்வு (எஃப்: 0.35 முதல் 0.45), அடுத்தது கடும் சூட்டில் (ஈ: 0.25 முதல் 0.35). சூடேறினால் பிடி தளரும் என்று பேடே எழுதிக் காட்டுகிறது! விடுமுறைக்கு விடுமுறை மலையேறுகிறவர்கள் எஃப்எஃப்-ஆவது கேட்டு வாங்குங்கள்.

இறக்கத்தில் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூட்டில் பிடி இழந்துவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கிறது; அதற்குப் பேடை மாற்றிப் பயனில்லை. புது டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதில் 155 வரை இறங்கலாம். நம்மூர்ப் புழுக்கத்துக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே சரி.

பட்டறையில், பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் ஆயில் டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். நிரம்பி வழிந்தால் பெயின்ட் உரியும். பிஸ்டன் இருக்கும் பிடி பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தால், புதுப் பேட் வாங்கிய காசு வீண்.