மெட்டடோரில் மலையேற: பெல்ட் ஃபேனா, கரண்ட் ஃபேனா?

14-வது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள இன்ஜின் மூடியைத் தூக்கினேன். குபீரென்று கிளம்பிய ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா. முன்னால் பஸ், பின்னால் கார் வரிசை. "அடிவாரத்துலயே இளநி குடிச்சுட்டுத் திரும்பியிருக்கலாம்" என்றார் அம்மா, பின்னால் கட்டிலில் சாய்ந்தபடி.

வண்டி பஜாஜ் டெம்போவின் பழைய மெட்டடோர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த டெம்போ கம்பெனியின் வடிவமைப்பு, இங்கே தயாரானது. ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ், பள்ளி வேன் என்று எல்லா வேலைக்கும் ஓடிய வண்டி. என்னுடையதில் மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து வீடாக்கியிருக்கிறேன். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு கேட்ட ஆட்களெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பழசைப் பழசாகவே வை என்பது ஒன்று, புதுசாக மாற்றிவிடு என்பது இன்னொன்று. நான் ஒவ்வொரு பாகமாகத்தான் முடிவு செய்தேன்.

முதலில், இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் ஃபேன். பெல்ட் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். இன்ஜின் ஐட்லிங்கில் நின்றால் அதுவும் சோம்பிவிடும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். அந்த ஏற்றத்தை செகண்ட் கியரில் ஏறும்போது இன்ஜின் நல்ல சுற்றில் இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. என்னைக் கவிழ்த்தது ஏற்றமல்ல, நெரிசல். ஏறிச் சூடான இன்ஜினை அப்படியே பத்து நிமிஷம் ஐட்லிங்கில் நிறுத்தினால் வேறென்ன ஆகும்?

கரண்ட் ஃபேன் இந்த இடத்தில் கெட்டிக்காரன். வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும். ஆனால் 12 வோல்ட்டில் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். ராத்திரி ஹெட்லைட்டுக்கு இன்னொரு 10 ஆம்பியர். இத்தனை கரண்டையும் தயாரிக்க வேண்டிய பழைய ஆல்டர்னேட்டர் பாவம். ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), ஃபியூஸ், சூடு பார்க்கும் சுவிட்ச் என்று கெட்டுப்போக மூன்று புதுச் சாமான்களும் வந்து சேரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மாதிரி பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்டே கேட்காது, பேட்டரி செத்தாலும் வீடு வந்து சேரும். ஃபேனை மட்டும் வயரில் கட்டிவிட்டால் அந்த வரம் போச்சு.

கரண்ட் ஃபேன் மாட்டினால் பெல்ட் தொல்லை தீர்ந்தது என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாட்டர் பம்ப் சுற்றுவதும் அதே பெல்ட்டில்தான். அது அறுந்தால் தண்ணீர் ஓடாது, முன்னால் எத்தனை ஃபேன் சுற்றினாலும் பிரயோஜனமில்லை. தொப்பூர் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பெல்ட் மாற்றியிருக்கிறேன். இருபது நிமிஷம், இரண்டு ஸ்பேனர். எரிந்த ரிலேயை அங்கே யாரிடம் கேட்பது?

கடைசியில் பெல்ட் ஃபேனை எடுக்கவே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் சின்ன கரண்ட் ஃபேன் ஒன்றை வைத்து, டேஷ்போர்டில் கைச்சுவிட்ச் போட்டுக்கொண்டேன். நெரிசலில் மட்டும் தட்டிவிடுவேன். "ஆட்டோமேட்டிக்கா வச்சிரலாங்ண்ணா" என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி. வேண்டாம் தம்பி, ஹீட் மீட்டரைப் பார்க்கத்தான் இரண்டு கண் இருக்கிறதே.

ரேடியேட்டரிலும் பழைய கட்சிக்கே என் ஓட்டு. அலுமினியம் எடை குறைவு, சூட்டையும் நன்றாகவே இறக்கும். ஆனால் வழியில் ஒழுகினால் அதை ஒட்ட ஆள் தேட வேண்டும். அதன் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் புதுசுதான். செம்பு, பித்தளை ரேடியேட்டரை எந்த ஊர் ரேடியேட்டர் கடையிலும் ஈயப்பற்று வைத்து அடைத்துத் தருவார்கள். நான் கோர், அதாவது குழாய்கள் அடங்கிய நடுப்பகுதியை மட்டும் புதுசாகப் போட்டேன். பழைய கோரை அறுத்துப் பார்த்தபோது பாதிக் குழாயில் வெள்ளைப் படிவம். வருஷக் கணக்கில் வீட்டு போர்த் தண்ணீரை ஊற்றியதன் பலன். வெறும் தண்ணீர், துருவும் படிவமும் தடுக்கும் கூலண்ட் கலவையைவிடச் சூட்டை நன்றாகச் சுமக்கும், அது உண்மை. துருவையும் படிவத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கூலண்ட்தான் ஜெயிக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. ஏற்காடு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.5 பார் அழுத்தம் தாங்கும் மூடி அந்தக் கொதிநிலையை 10 டிகிரிக்கு மேல் உயர்த்தும். ரப்பர் தேய்ந்த மூடி அதைச் செய்யாது. என் மூடியும் தேய்ந்துதான் இருந்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிரேக் ஆயிலில் மட்டும் புதுக் கட்சி. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சியபின் 140. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. தொப்பூர் இறக்கத்தில் லோடோடு இறங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். எந்த ஆயிலாக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

வண்டிக்குள் விளக்குக்கும் காற்றாடிக்கும் தனி பேட்டரி. ஈயமோ லித்தியமோ, ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடாமல் இருந்தால் சரி.

தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நான் முட்டாள்தனம் செய்திருந்தேன். மெட்டடோரை இழுப்பது முன்சக்கரங்கள். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். தொட்டியும் கடைசியில் இருந்ததால் மழை நாளில் வளைவுகளில் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. தொட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்த பிறகு வண்டியே வேறு மாதிரி ஏறுகிறது.

போன மாதம் 20 வளைவும் ஏறினோம். ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது இடது முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டின் ஜாயின்டிலிருந்து கடக் கடக்கென்று ஒரு சத்தம். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கும். அடுத்து கொல்லிமலை போக வேண்டும், 70 வளைவு. அதற்குள் ஜாயின்டைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.