மாஸ்பெர்க் 500 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கடைக்காரர் பேச்சை நம்பி உதிரி மாட்டாதீர்கள்

டாலஸ் பக்கம் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டை சீசன் தொடங்கிவிடும். ஷாட்கன் உதிரிகள் அமோகமாக விற்பது அதற்கு முந்தைய வாரங்களில்தான். அப்படி ஒரு கடையில் எனக்கு நடந்ததை, இங்கே வேட்டைக்குப் போகும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் துப்பாக்கி மாஸ்பெர்க் 500, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன், 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் குறைந்தால் அகலம் கூடும்). தோளில் இடிப்பது குறைய வேண்டும், புறாவுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் ஒன்று வேண்டும் (சோக் என்பது ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் திருகும் சிறு குழாய், இது லேசாகக் குறுக்கும் வகை). இவ்வளவுதான் நான் கேட்டது. கடைக்காரர் கைத்துப்பாக்கி போல் கீழ்நோக்கிய பிடி (பிஸ்டல் கிரிப்) வைத்த ஸ்டாக், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டை, ஒன்றை எடுத்துப் போட்டு, எந்தப் பம்ப் துப்பாக்கிக்கும் இதுதான் சரி என்று சொல்லி, அங்கேயே மாட்டியும் கொடுத்தார்.

இந்த மாடலில் சுடாமல் பூட்டிவைக்கும் சேஃப்டி, ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடல் பாகம்) மேல்பக்கம் பின்கோடியில் இருக்கிறது. சாதாரண ஸ்டாக்கைப் பிடித்தால் கட்டைவிரல் நேராக அதன்மேல் போய் உட்காரும், பிடி மாறாமல் தள்ளிவிடலாம். பிஸ்டல் கிரிப்பிலோ கட்டைவிரல் கீழே சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் பிடியைத் தளர்த்திக் கையை மேலே ஏற்றினால்தான் சேஃப்டி எட்டும். தோட்டா போட்ட துப்பாக்கியில் இப்படிக் கையை மாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து! ரெமிங்டன் 870 என்ற இன்னொரு பம்ப் துப்பாக்கியில் சேஃப்டி ட்ரிகருக்குப் பின்னாலேயே குறுக்காக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. தினமும் இரண்டையும் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

சோக் விஷயம் இன்னும் மோசம். பெட்டியில் மாஸ்பெர்க், 12 கேஜ் என்று போட்டிருந்தது. வீட்டில் குழல் வாயில் வைத்தால் உள்ளேயே நுழையவில்லை. திருப்பிப் பார்த்தால் அது மாஸ்பெர்க்கின் இன்னொரு மாடலான 835க்கு உரியது. அந்த மாடலின் குழல் உள்ளே கிட்டத்தட்ட 10 கேஜ் அளவுக்கு அகலம். 500க்கு வேண்டியது அக்யூ-சோக் என்ற மாஸ்பெர்க் வகை. வின்செஸ்டரின் வின்சோக்கும் பிரௌனிங்கின் பழைய இன்வெக்டரும் அதே மரைதான், அவற்றை வாங்கினாலும் பொருந்தும். கடைக்குப் போன் செய்தால், எண்ணெய் விட்டு அழுத்தித் திருகச் சொல்கிறார்கள்! தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். முழுதாக இறங்காத சோக்கோடு சுட்டால் குழல் வாயே சேதமாகிவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

சோக்குக்கான பணம் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்த பிறகு வந்தது. ஸ்டாக்கை மட்டும், மாட்டிய பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். சரி, என் பழைய ஸ்டாக்கையாவது கொடுங்கள் என்றேன். அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்களாம். யாராவது கடையில் மாட்டக் கொடுப்பதாக இருந்தால், கழற்றும் பாகம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சோக் வாங்கும்போது குழலைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கையால் திருகிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.