டேட்டிங் ஆப் ரிவ்யூ: ஆளுங்க நிறைய, பொறுப்பேத்துக்க யாரும் இல்ல

ஸ்வைப் பண்ற டைப் டேட்டிங் ஆப் ஒண்ணு கொஞ்ச நாளா யூஸ் பண்றேன், பேரு வேண்டாம்.

நம்ம ஆபீஸ், நம்ம ஃப்ரெண்ட்ஸ் வட்டம் தாண்டி ஆளுங்கள பாக்க முடியுது, அது பெரிய விஷயம். ஸ்டான்ஃபோர்ட் சோசியாலஜிஸ்ட் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் டீம் 2019ல அமெரிக்கா டேட்டா வச்சு ஒரு பேப்பர் போட்டாங்க, ஆண்-பெண் ஜோடிகள்ல ஆன்லைன்ல சந்திச்சவங்க 1995ல 2%, 2017ல 39%. ஒரே பாலின ஜோடிகள்ல இன்னும் அதிகம், பக்கத்துல வாய்ப்பு கம்மியா இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ உதவின்னு அதுலயே தெரியுது.

ஆனா அதே பேப்பர்ல ஃப்ரெண்ட்ஸ் மூலமா சந்திச்சவங்க 33%ல இருந்து 20%க்கு இறங்கிட்டாங்க. எனக்கு இதுதான் முக்கியமா படுது, ஏன்னா ஃப்ரெண்டு ஒருத்தர அறிமுகப்படுத்தினா அவன் பேரும் அதுல இருக்கு, அவரு தப்பா நடந்துகிட்டா நேரா அவன்கிட்டயே போய் கேக்கலாம், அந்த பயத்துலயே பாதி பேரு ஒழுங்கா இருப்பாங்க. ஆப்ல அந்த நடு ஆளே கிடையாது. இருக்கறது ஒரு வெரிஃபைடு டிக், அது போட்டோல இருக்கற மூஞ்சி அவரோடதுதான்னு மட்டும் சொல்லும், அவரு எப்படிப்பட்டவருன்னு சொல்லாது. அசிங்கமா பேசின ஒருத்தர ரிப்போர்ட் பண்ணேன், ஆட்டோ ரிப்ளை ஒண்ணு வந்துச்சு, அதோட சரி, என்ன பண்ணாங்கன்னே தெரியல.

பெய்டு பிளான் எடுக்கணுமான்னு கேட்டா, வேண்டாம். அவங்க விக்கறது உங்க ப்ரொஃபைல இன்னும் நாலு பேருக்கு காட்டறத மட்டும்தான். எலிசபெத் ப்ரூக், மார்க் நியூமன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 4 அமெரிக்க நகரங்களோட ஆன்லைன் டேட்டிங் டேட்டாவ பாத்து 2018ல ஒரு பேப்பர் போட்டாங்க, பெரும்பாலானவங்க தங்கள விட சராசரியா 25% அதிகமா டிமாண்ட் இருக்கறவங்களுக்குத்தான் மெசேஜ் பண்றாங்க. அப்ப அந்த கொஞ்ச பேரோட இன்பாக்ஸ் ரொம்பி வழியுது, மத்தவங்களுக்கு ரிப்ளை வர்றதில்ல. நீளமா எழுதி அனுப்பினாலும் பெருசா பலன் இல்லன்னும் அதுல இருக்கு. அதனால ரிப்ளை வரலன்னா தயவு செஞ்சு உங்கள நீங்களே கம்மியா நினைச்சுக்காதீங்க, அங்க எல்லாரும் ஒரே பக்கம் கூடறாங்க, அவ்ளோதான்.

ஃப்ரீ வெர்ஷன் போதும், ஃபில்டர் நல்லா வேலை செய்யுது, சாட்டும் ஓகே. யாரையாவது நேர்ல பாக்க போறீங்கன்னா எங்க, யார பாக்க போறீங்கன்னு ஒரு ஃப்ரெண்டுக்கு சொல்லிட்டு போங்க. என் ரேட்டிங் 3/5. ரிப்போர்ட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சா 4 குடுப்பேன்.