கார்பைட் மைக்ரோ பிட் பெட்டி: பித்தளைக்கு அருமை, கை டிரில்லுக்கு வேண்டாம்

கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் பத்து துளையிடும் பிட் கொண்ட பெட்டி. 0.3 முதல் 1.2 மி.மீ. வரை, டிரில்லில் மாட்டும் தண்டு எல்லாவற்றுக்கும் 3.175 மி.மீ. சர்க்யூட் போர்டுக்கென்று செய்தது என்றாலும் பித்தளை, செம்புத் தகட்டில் துளை சுத்தமாக விழுகிறது.

கார்பைட் மிகக் கடினமான பொருள்; வளையாது, ஒடிந்துவிடும். கையில் பிடித்துத் துளைத்தால் லேசான சாய்வே போதும், முனை போய்விடும். ஸ்டாண்டில் பூட்டிய டிரில் கட்டாயம். சக் (பிட்டைக் கவ்வும் தாடை) ஆடினாலும் இதே கதிதான், காலெட் (தண்டைச் சுற்றி இறுக்கும் பிளவுக் குழல்) நல்லது.

0.5 மி.மீ. பிட்டுக்குப் பித்தளையில் நிமிடத்துக்கு 20,000 சுற்று தாராளமாகக் கொடுக்கலாம். வேகம் குறைந்தால் கை தானாக அழுத்தும், அங்கேதான் உடையும். கால் மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள்; பிட்டின் சுருள் பள்ளத்தில் துகள் அடைத்தால் பிட் முறுக்கி ஒடியும். அடியில் பழைய பித்தளைத் துண்டை இறுக்கி வையுங்கள், மறுபக்கம் துளைத்து வெளியேறும்போது பிட் மாட்டாது.

கை டிரில் மட்டும் உள்ளவர்கள் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் வாங்குங்கள். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.