சூழல் தொண்டர் செயலி: இரண்டு மாரி கழிந்த பின் பயன்பாட்டு அனுபவம்

ஆக்களைச் சேர்க்கச் செயலி தேவையில்லை. ஞாயிறு காலை கசூரினாக் கடற்கரையில் துப்புரவு என்று வைபரிலோ வாட்ஸப்பிலோ ஒரு வரி போட்டால், வரக்கூடியவர்கள் வருவார்கள். செயலி தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். கட்டி வைத்த உரப்பை கரையை விட்டுப் போனதா, ஊன்றிய பனங்கொட்டை வடலியானதா என்று பின்தொடர வேண்டுமே, அதற்கு. ஓடிகே என்ற இலவசப் படிவக் கருவியில் கட்டி, யாழ்ப்பாணத்தில் இரண்டு மாரியும் இரண்டு கோடையும் ஓடிய ஒரு தொண்டர் செயலியைப் பற்றிய குறிப்பு இது.

பெரிய பிழை பனையில்தான் நடந்தது. எல்லா நடுகைக்கும் ஒரே விதி வைக்கப்பட்டிருந்தது: 30ஆம் நாள் நினைவூட்டல் போகும், தொண்டர் போய்ப் பார்த்து ‘உயிரோடு உள்ளதா?’ என்ற கேள்விக்குப் பதில் தட்ட வேண்டும். வேம்பங்கன்றுக்கும் மருதங்கன்றுக்கும் அது பொருந்தும். பனங்கொட்டை ஊன்றிய இடத்தில் 30ஆம் நாள் வெறும் மண்தான் தெரியும். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழே இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் மண்ணுக்குள்ளேயே கிழங்கு விழும். குருத்து மேலே தலைகாட்ட அதற்கும் பிறகு மாதங்கள் செல்லும். பாத்தி கிண்டிக் கிழங்கு எடுத்த எவருக்கும் தெரிந்த சங்கதி இது. படிவம் எழுதியபோது அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. விளைவு, நல்ல நிலையில் இருந்த வரிசைகள் முழுவதும் ‘இல்லை’ என்று பதிவாகி, வரைபடத்தில் சிவப்பாகி, பின் யாரும் அந்தப் பக்கம் போகாமல் விட்டார்கள்.

இப்போது மரத்தின் பெயரைத் தெரிவு செய்தவுடன் பார்வையிடும் நாட்கள் தாமாக மாறும். பனைக்கு 12ஆம் மாதம் ஒன்று, 24ஆம் மாதம் ஒன்று. மாரி தொடங்க வைத்த கன்றுக்கு நினைவூட்டல் மார்கழியில் வந்து பயனில்லை, மழை தானே பார்த்துக்கொள்ளும். தை முடிந்து மண் காயத் தொடங்கும்போதுதான் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பங்குனி, சித்திரையில் கிழமைக்கு இரண்டு தரம் வேண்டும். ‘இல்லை’ என்று தட்டினால் காரணமும் கேட்கும்: மாடு மேய்ந்தது, நெருப்பு, வீதி வேலை, கிழங்குக்காகத் தோண்டியது. கடைசிக் காரணத்தைச் சேர்த்திராவிட்டால், வீடுகளுக்கு அண்மையில் ஊன்றிய வரிசைகள் ஏன் வெறுமையாயின என்று விளங்கியே இருக்காது.

ஒவ்வொரு கொட்டைக்கும் தனித்தனி இடப்புள்ளி எடுப்பதையும் நிறுத்த வேண்டியிருந்தது. சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் 5 முதல் 10 மீற்றர் வரை பிசகும். கொட்டைகளை மூன்று மீற்றர் இடைவெளியில் ஊன்றினால், எந்தப் புள்ளி எந்தக் கொட்டைக்குரியது என்று பிறகு பிரிக்க முடியாது. வரிசையின் தொடக்கம், முடிவு, எண்ணிக்கை மூன்றும் போதும். துல்லியம் 5 மீற்றருக்கு வரும்வரை காத்திருப்பது ஓடிகேயின் இயல்பு அமைப்பு. தோப்புக்குள் நின்றால் அது இலகுவில் வராது. 10 ஆகத் தளர்த்தியதும் பதிவு விரைந்தது. ஆள்கூறுகளைக் கையால் எழுதவே விடக்கூடாது. யாழ்ப்பாணத்தின் 9.66, 80.02 என்பதை இடம் மாற்றி எழுதினால், புள்ளி வட துருவத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். அகலக்கோடு 9க்கும் 10க்கும் இடையில் இல்லாவிட்டால் படிவம் ஏற்காதபடி ஒரு வரியில் நிபந்தனை போடலாம்.

இதை விடக் கவனம் வேண்டிய ஒன்று உண்டு. யாரும் எங்கும் நிகழ்விடத்தைக் குறிக்கலாம் என்று திறந்து விடுவது ஆபத்து. யாழ்ப்பாண மாவட்டத்தை விட்டு முகமாலைப் பக்கம் போனால், கண்ணிவெடி அகற்றும் நிலமும் செந்நிற எச்சரிக்கைப் பலகையும் இன்றும் நினைவில் வைக்க வேண்டியவை. ஒருங்கிணைப்பாளர் பார்த்து ஒப்புதல் தராமல் எந்த இடமும் வெளியில் தெரியக்கூடாது.

கைபேசி விடயத்தில், வெயிலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துத்தான் வாசிக்கத் தெரிகிறது; கண்ணுக்கு இதமான இளம்பச்சையெல்லாம் பத்து மணிக்குப் பிறகு மறைந்துவிடும். றப்பர் கையுறையோடு திரை சரிவர வேலை செய்யாது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒருவர் கையுறை இல்லாமல் நின்று பதிய, மற்றவர்கள் பொறுக்கி எண்ணிக்கையைச் சொல்வதே சரி. படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் 30 படத்துக்கு 120 எம்பி. அதைத் தொண்டரின் சொந்த டேற்றாவில் அனுப்பச் சொல்வது நியாயமில்லை. நீண்ட பக்கத்தை 1024 பிக்சலாகச் சுருக்கினால் சில நூறு கேபிக்குள் அடங்கும், உரப்பையில் உள்ள எழுத்தும் தெரியும். தீவுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் பதிவு முதலில் போனிலேயே இருக்கும். அனுப்பாத பதிவுகளின் எண்ணிக்கை முதல் திரையில் பெரிதாகத் தெரியாவிட்டால், இடம் போதவில்லை என்று செயலியையே அழித்துவிடுவார்கள். பதிவும் அதோடு போகும்.

தமிழ் எழுத்து தனிச் சிக்கல். ‘சமர்ப்பிக்கவும்’ சிறிய திரையில் பொத்தானை மீறி வெட்டுப்படும், ‘அனுப்பு’ போதும். பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். செயலியிலிருந்து இறக்கும் பதிவுக் கோப்பை (சிஎஸ்வி) எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் கோணல்மாணலாகத் தெரியும். எழுத்துக் குறியாக்கம் யுடிஎப்-8 என்று தெரிவு செய்து உள்ளெடுக்க வேண்டும். குறுஞ்செய்தி தமிழில் 70 எழுத்துக்குறிதான், ஆங்கிலத்தில் 160. அந்த 70க்குள் எழுத்தின் மேல் வரும் புள்ளியும் விசிறியும் (ி) தனித்தனியே எண்ணப்படும். ஆகவே நினைவூட்டலில் நாள், நேரம், இடம் தவிர வேறொன்றும் வேண்டாம்.

பதிவுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் ஒரு ஆள் என்று வைத்ததும் பிழை. பாடசாலைப் பிள்ளைகள் மூன்று பேர் அப்பாவின் ஒரே போனில் வருவார்கள். ஒரு இலக்கத்தின் கீழ் பல பெயர் சேர்க்க இடம் வேண்டும். தொண்டர்களின் இலக்கங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி விடவே கூடாது. இளம் பெண்களுக்குத் தேவையற்ற அழைப்புகள் வரத் தொடங்கினால், அவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள், செயலி ஏன் என்று கேட்காது. நாட்காட்டியில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், குருநகர், பாசையூர் போன்ற கத்தோலிக்க ஊர்களுக்கு ஞாயிறு காலைப் பூசை நேரமும் முன்பே குறித்திருக்க வேண்டும். ஏ.எல். பிள்ளைகளின் ரியூசன் நேரத்தையும் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குப்பை வகைகளில் வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே பெயர்த்துப் போட்டால் யாரும் சரியாகத் தட்ட மாட்டார்கள். வலைத்துண்டு, தங்கூசி, ரெஜிபோம், சொப்பின் பை, போத்தல், பம்பர்ஸ், செருப்பு என்று கையில் வருவதன் பெயரே இருக்க வேண்டும். 2021இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டியது போன்ற பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கினால் எண்ணிக்கை உதவாது. ஒரு மீற்றர்ச் சதுரம் கயிற்றால் அடித்து அதற்குள் மட்டும் அரித்து எண்ண வேண்டும். எடைக்கு 25 கிலோத் தொங்கு தராசு போதும். ஈரமணலை உதறாமல் தூக்கினால் எடை பொய்யாகும். வலையைத் தனியாக நிறுக்க வேண்டும், ஒரு சுருள் வலையே மற்ற எல்லாவற்றையும் விட நிறுக்கும்.

உரப்பைகள் கரையில் ஒரு இரவு கிடந்தால் நாய் கிழிக்கும், மாடு இழுக்கும், காற்று மறுபடியும் கடலுக்குக் கொண்டுபோகும். அதனால் பைகளை ஏற்றப் பிரதேச சபையின் உழவு இயந்திரம் எத்தனை மணிக்கு வரும், பேசிய அலுவலர் யார் என்ற இரண்டு கட்டங்களும் நிரம்பாமல் நிகழ்வை வெளியிடவே முடியாதபடி மாற்றப்பட்டது. நிகழ்வு முடிந்தது என்று மூடுவதற்கும் ஏற்றிய பின் எடுத்த படம் ஒன்று வேண்டும்: பைகள் அடுக்கியிருந்த அதே இடம், வெறும் மணலோடு.