பெம்ப்ரோக்ஷயரில் நடக்க எந்த வழிகாட்டி நூல்?

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் உள்ள பெம்ப்ரோக்ஷயருக்கு நடக்கப் போகிறவர்களுக்குப் புத்தகங்களில் பஞ்சம் இல்லை. ஒரே கடலோரத்துக்கு நாலைந்து நூல்கள் கிடைக்கின்றன. அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: செங்குத்தான பாறை, கீழே நீலக் கடல், முதுகில் பையுடன் ஒருவர். பிரித்துப் படித்தால்தான் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்களுக்காக எழுதப்பட்டது என்று புரியும். உங்களுக்கானது அல்லாத நூலை வாங்கிவிட்டால் அது எவ்வளவு நல்ல நூலாக இருந்தும் பயனில்லை.

பெம்ப்ரோக்ஷயர் கடலோரப் பாதை 1970இல் திறக்கப்பட்டது. வடக்கே செயின்ட் டாக்மெல்ஸ் தொடங்கி தெற்கே ஆம்ராத் வரை 186 மைல், அதாவது ஏறத்தாழ 299 கிலோமீட்டர். பிரிட்டனின் தேசிய நெடும்பாதைகளுள் ஒன்று என்பதால் வழி நெடுகிலும் ஓக் மரக்கொட்டைச் சின்னம் பதித்த கம்பங்கள் நிற்கின்றன. ஒரு பக்கம் எப்போதும் கடல். ஆகவே இந்தப் பாதையில் வழி தவறுவது அரிது. 'இடப்பக்கம் திரும்பவும், படலைத் தாண்டவும்' என்று பக்கம் பக்கமாக எழுதும் நூலுக்கு இங்கே வேலை குறைவு. உள்நாட்டில் நிலைமை தலைகீழ். வயல்வெளிகளிலும் ப்ரெசெலி மலைகளிலும் அந்தச் சின்னம் கிடையாது. வழி கண்டுபிடிப்பதே பாதி வேலை. கடலோரத்துக்குத் தகவலுக்காக நூல் வாங்குங்கள், உள்நாட்டுக்கு வரைபடத்துக்காக வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. இரண்டையும் ஒரே நூலில் தேடுகிறவர்களே ஏமாறுகிறார்கள்.

சாண்டி ஹேவன் பக்கத்தைப் புரட்டுங்கள்

எந்த நூலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது சாண்டி ஹேவன் என்ற கழிமுகத்தைப் பற்றிய பக்கத்தை. மில்ஃபோர்டு ஹேவனுக்கு மேற்கே, கடல்நீர் உள்ளே புகுந்து வெளியேறும் ஒரு சிற்றோடையைப் பாதை இங்கே கடக்கிறது. நீர் வற்றியிருக்கும்போது மட்டுமே கடக்க முடியும். தாழ்ந்த ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் மிகக் கீழே இறங்கும் நேரத்துக்கு, முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான் வழி திறந்திருக்கும். அங்கிருந்து மேற்கே டேல் கிராமத்துக்கு அருகில் கான் என்ற இன்னொரு கழிமுகம் உண்டு. அதற்குத் தாழ்ந்த ஓதத்துக்கு இருபுறமும் சுமார் மூன்றரை மணி நேரம். தவறவிட்டால் சாலை வழியாகப் பல மைல் சுற்ற வேண்டும், அல்லது நீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளின் திட்டமே அதில் அடங்கியிருக்கிறது. முதல் கழிமுகத்தை அது திறந்த உடனே கடந்தால், இரண்டாவது மூடுவதற்குள் ஆறு மணி நேரம் கையில் இருக்கும். கிழக்கிலிருந்து வந்தாலும் மேற்கிலிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். இடையில் உள்ள தூரத்தை அந்நேரத்துக்குள் தாராளமாக நடந்துவிடலாம். ஒரே வற்றில் இரண்டையும் தாண்டிவிடலாம் என்ற இந்தச் செய்தியைச் சொல்லும் நூல், எழுதியவர் உண்மையிலேயே அங்கே நடந்தவர் என்பதற்குச் சாட்சி. 'ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும்' என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிடும் நூலை நான் மறுபடியும் அலமாரியில் வைத்துவிடுவேன்.

அந்த வட்டாரத்துக் கடைகளில் ஓத அட்டவணை சிறு கையேடாகக் கிடைக்கும். அதில் உள்ள நேரம் கிரீன்விச் நேரமா, ஒரு மணி நேரம் கூட்டிய கோடைக்கால நேரமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் நினைவூட்டும் நூல் என்றால் அதற்குத் தனி மரியாதை. மில்ஃபோர்டு ஹேவனில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். அங்கே ஒரு மணி நேரப் பிழை சின்னப் பிழை அல்ல.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய இடம் தெற்கே உள்ள காசில்மார்ட்டின். இது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நிலம். செயின்ட் கோவன்ஸ் முதல் ஸ்டாக் ராக்ஸ் வரையிலான சுண்ணாம்புப் பாறை விளிம்பு இந்தக் கடலோரத்தின் மிக அழகான பகுதிகளுள் ஒன்று. சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில் சிவப்புக் கொடி ஏறும், பாதை மூடப்படும். பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் செயின்ட் கோவன்ஸ் சிற்றாலயத்துக்கும் அப்போது போக முடியாது. வார இறுதிகளில் பெரும்பாலும் திறந்திருக்கும். பயிற்சி அட்டவணையை எங்கே பார்ப்பது, மூடியிருந்தால் மாற்று வழி எது, அந்த நாளை வேறு எந்தப் பகுதியில் கழிக்கலாம் என்று மூன்றையும் சொல்லும் நூல்தான் வேண்டும். ஸ்டாக் ராக்ஸுக்கு மேற்கே உள்ள நிலத்தில் பொதுவாக யாரும் தம் விருப்பத்துக்கு நடக்க முடியாது. பாதை உள்நாட்டுப் பக்கம் விலகிப் போகிறது. வரைபடத்தில் கடலோரமாகக் கோடு இழுத்துத் தூரம் கணக்கிடுகிறவர்கள் இங்கே மோசம் போவார்கள்.

முழுப் பாதையையும் நடப்பவர்களுக்கு

இவர்களுக்கு மூன்று தேர்வுகள்: டிரெயில்பிளேசர், சிசரோன் என்ற இரு பதிப்பகங்களின் நூல்கள், தேசிய நெடும்பாதைகளுக்கான அதிகாரபூர்வக் கையேடு.

டிரெயில்பிளேசர் வரிசையின் உயிர் அதன் கையால் வரைந்த வரைபடங்கள். அளவு 1:20,000, அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 200 மீட்டர். படத்தின் மேலேயே செங்குத்தான ஏற்றம், குடிநீர்க் குழாய், பெஞ்சு, கழிப்பறை, ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆகும் நேரம் என்று குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். தங்குமிடம், உணவு, பஸ், சிற்றூர்களின் தெருப்படம் எல்லாம் உள்ளே உண்டு. ஒரு நாள் நடையை எங்கே முடிப்பது என்று முடிவெடுக்க இதைவிட உதவும் நூல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதில் தரப்படும் நேரம் நடக்கும் நேரம் மட்டுமே. ஓய்வுக்கும் புகைப்படத்துக்கும் இருபது முதல் முப்பது சதவீதம் கூட்டிக்கொள்ளும்படி நூலே சொல்கிறது. பலர் அந்த முன்குறிப்பைப் படிப்பதில்லை. இன்னொரு குறை, பாதையின் இருமருங்கையும் ஒட்டிய ஒரு பட்டையை மட்டுமே படம் காட்டும். அவசரமாக உள்நாட்டுச் சாலைக்கு விலகிப் போக வேண்டுமென்றால் அந்தப் படம் கைவிட்டுவிடும்.

சிசரோன் நூலுடன் 1:25,000 அளவில் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடம் தனிச் சிறு புத்தகமாக வருகிறது. சட்டைப்பையில் அதை மட்டும் வைத்துக்கொண்டு, விவரிக்கும் நூலை முதுகுப்பையில் போட்டுவிடலாம். மழையிலும் காற்றிலும் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். அச்சான பிறகு ஏற்பட்ட மாற்றங்களைப் பதிப்பகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கடல் அரித்துப் பாறை சரியும் கடலோரத்தில் பாதையைச் சில இடங்களில் உள்ளே தள்ளி அமைப்பது வழக்கம் என்பதால் இது பெரிய வசதி. தங்குமிடத் தகவலில் டிரெயில்பிளேசரின் விரிவு இதில் கிடைக்காது. அறைகளை முன்பே பதிவு செய்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

அதிகாரபூர்வக் கையேட்டிலும் ஆர்டினன்ஸ் சர்வேயின் அதே 1:25,000 படம்தான். படமும் விவரிப்பும் ஒன்றாக இருப்பதால் தனிப் புத்தகத்தைத் தொலைக்கும் கவலை இல்லை. நிலவியல், வரலாறு போன்றவற்றைப் படித்துக்கொண்டே நடக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், முதல் முறை போகிறவருக்கு டிரெயில்பிளேசர் என்பேன். அந்த வட்டாரத்தை ஏற்கெனவே ஓரளவு அறிந்தவருக்குச் சிசரோன்.

எதை வாங்கினாலும் வழியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயர வரைகோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தப் பாதையின் மிக உயரமான இடமே 175 மீட்டர்தான். 'கடலோரம்தானே, சமதளமாக இருக்கும்' என்று அலட்சியமாக இருந்துவிடத் தோன்றும். ஒவ்வொரு சிறு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏறுவதைக் கூட்டினால் முழுப் பாதையிலும் மொத்த ஏற்றம் சுமார் 35,000 அடி என்கிறார்கள். செயின்ட் டாக்மெல்ஸுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் கால் கெஞ்சிவிடும். மைல் கணக்கை மட்டும் தரும் நூலை நம்பி அங்கே ஒரு நாளைத் திட்டமிடக் கூடாது. நடக்கும் திசையும் முக்கியம். சில நூல்கள் வடக்கிலிருந்து தெற்காக விவரிக்கின்றன, சில தெற்கிலிருந்து வடக்காக. நீங்கள் எதிர்த்திசையில் போனால் எழுத்து முழுவதையும் தலைகீழாகப் படிக்க நேரும்.

2012இல் திறக்கப்பட்ட 870 மைல் வேல்ஸ் கடலோரப் பாதை முழுவதையும் ஒரே நூலில் அடக்கியவையும் கிடைக்கின்றன. பெம்ப்ரோக்ஷயருக்கு மட்டும் போகிறவர்களுக்கு அவை வேண்டாம்.

ஓரிடத்தில் தங்கி நடப்பவர்களுக்கு

உண்மையில் பெரும்பாலோர் இந்த வகைதான். ஒரு வாரம் ஒரே வீட்டில் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவர்கள். இவர்கள் நெடும்பாதை நூலை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நெடும்பாதை நூல் உங்களை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். கார் இருப்பதோ எட்டு மைலுக்கு அப்பால்.

இவர்களுக்கு வேண்டியது வட்டப் பாதைகளைத் தரும் நூல். பாத்ஃபைண்டர் வரிசை இதற்கென்றே இருக்கிறது. எளிது, நடுத்தரம், கடினம் என்று நடைகளை வண்ணத்தால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆர்டினன்ஸ் சர்வே படத்தின் ஒரு துண்டைச் சேர்த்திருப்பார்கள். கடலோரமும் உள்நாடும் இரண்டுமே அதில் வரும். குறை சொல்ல வேண்டுமென்றால், படத் துண்டின் விளிம்புக்கு அப்பால் உலகமே இல்லை.

நல்ல வட்டப் பாதை எப்படி இருக்கும் என்பதற்கு டினாஸ் ஹெட் உதாரணம். நியூபோர்ட்டுக்கும் ஃபிஷ்கார்டுக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு இது. சுற்றி வந்தால் மூன்று மைல் சொச்சம். உச்சி 142 மீட்டர். ஒரு பக்கம் கும்-இர்-எக்லுயிஸ் கிராமத்தில் கடலோரமாக ஓர் ஆலயத்தின் மேற்குச் சுவர் மட்டும் நிற்கிறது. 1859ஆம் ஆண்டின் பெரும்புயல் மற்றதை அழித்துவிட்டது. உச்சிக்கு ஏற முடியாதவர்கள் கும்-இர்-எக்லுயிஸிலிருந்து மறுபக்கக் கடற்கரைக்குப் பள்ளத்தாக்கு வழியாகச் சமதளப் பாதையிலேயே போய்விடலாம். குடும்பமாகப் போகும்போது பாட்டியும் பேரனும் அந்த வழியே போக, மற்றவர்கள் மேலே ஏறிவந்து சேர்ந்துகொள்ளலாம். மூன்று மைல், நடுத்தரம் என்று மட்டும் எழுதிவிட்டு அந்தச் சமதளப் பாதையைச் சொல்லாமல் விடும் நூல், பாதி வாசகர்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

வட்டம் போட முடியாத இடங்களில் கடலோர பஸ்கள் கைகொடுக்கும். காரை முடிவிடத்தில் நிறுத்தி, பஸ்ஸில் தொடக்கத்துக்குப் போய், காரை நோக்கி நடந்து வருவதே சரியான முறை. பஸ்ஸைப் பிடிக்க மாலையில் ஓட வேண்டியதில்லை. கோடையிலும் குளிர்காலத்திலும் பஸ் நேரங்கள் ஒன்றாக இருக்காது. நூலில் அச்சான நேரத்தை நம்பாமல், எந்த ஊர்களுக்கு இடையே ஓடுகிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுக்கு

ப்ரெசெலி மலைகளின் உச்சியான ஃபோயெல் கும்கெர்வின் 536 மீட்டர். ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்கள் இந்த மலைகளிலிருந்துதான் போயின. மேலே திறந்த புல்வெளி. மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். இங்கே எந்த நூலின் எழுத்தும் வரைபடத்துக்கு ஈடாகாது. ஆர்டினன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரிசையில் வட பெம்ப்ரோக்ஷயருக்கு ஓ.எல். 35, தெற்குக்கு ஓ.எல். 36. இளஞ்சிவப்பு அட்டையுடன் வரும் 1:50,000 லேண்ட்ரேஞ்சரில் வயல் வேலிகள் இருக்காது, எக்ஸ்ப்ளோரரில் இருக்கும். வயல்களுக்கு நடுவே, பாதை வேலியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதானே கேள்வி. பொதுமக்கள் சட்டப்படி நடக்க உரிமையுள்ள வழிகள் அதில் பச்சைக் கோடுகளாக இருக்கும். நூலில் 'இரண்டாவது கேட்டில் திரும்பவும்' என்று எழுதியிருக்கும். விவசாயி அதற்குள் இன்னொரு கேட் வைத்திருப்பார். வேலிக் கோட்டைப் பார்த்து நடப்பவருக்கு அதனால் குழப்பம் வராது.

கைப்பேசி போதாதா என்று கேட்கிறார்கள். குடாக்களிலும் பள்ளத்தாக்குகளிலும் சிக்னல் நிற்பதில்லை. நாள் முழுக்கத் திரை எரிந்தால் பேட்டரியும் நிற்காது. அச்சு வரைபடத்தை வாங்கினால் அதே படத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ள உள்ளே ஒரு குறியீடு இருக்கும். கிளம்பும் முன்பே இறக்கிவிட்டு, தாளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், முதலில் தங்கப் போகும் பக்கத்து எக்ஸ்ப்ளோரர் படம், அடுத்து வட்டப் பாதை நூல். நெடும்பாதை நூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் பதிப்பாண்டைப் பாருங்கள். வரலாறும் பறவைகளும் பத்து ஆண்டில் மாறிவிடா. தங்குமிடம், பஸ், பாறை விளிம்பை ஒட்டிய வழி ஆகிய மூன்றுக்கும் புதிய பதிப்புதான் வேண்டும்.