புள்ளி, அரம், இரட்டைத் தட்டு: கேம் டைமிங் வைக்க மூன்று வழிகள்

என் பைக்குக்கு வாங்கிய புதுக் கேமுடன் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள், அதாவது லோப்கள், கொண்ட தண்டு) வந்த அட்டையில் இன்டேக் லோப் சென்டர் 104 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. பிஸ்டன் மேல்மட்டத்தைக் கடந்து கிராங்க் 104 டிகிரி திரும்பும்போது, கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்று பொருள். கிராங்க் முனையில் உள்ள மேக்னெட்டின் குறியைப் பொருத்தி, கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் புள்ளியை ஹெட்டின் விளிம்புக்கு நேராக நிறுத்தி, செயினை மாட்டிப் பூட்டினேன். பிறகு கிராங்கில் டிகிரி வீல் (கோணங்கள் பொறித்த தட்டு) போட்டு அளந்தால் 108 காட்டியது. எல்லாக் குறிகளும் கச்சிதமாக நேரில் நிற்கின்றன. ஆனால் கேம் நான்கு டிகிரி பின்தங்கி ஓடுகிறது.

என் வண்டி 150 சிசி ஒற்றை சிலிண்டர், ஒற்றைக் கேம். கம்ப்ரெஷனைக் கூட்டுவதற்காக ஹெட்டின் அடிமுகத்தை 0.6 மில்லிமீட்டர் சீவி ஃபேஸிங் செய்திருந்தேன். ஹெட் இறங்கினால் கேம் கிராங்கை நெருங்கி வரும். ஆனால் இழுக்கும் பக்கத்துச் செயினின் நீளம் குறையாது. மிஞ்சிய நீளத்துக்கு ஏற்பக் கேம் பின்னோக்கித் திரும்பி நிற்கும். 34 பல், 6.35 மி.மீ. பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி) என்றால் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் ஏறக்குறைய 34 மி.மீ. அந்த ஆரத்தில் 0.6 மி.மீ. என்பது கேமில் ஒரு டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றிவிடும் என்பதால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. மீதி இரண்டு எங்கே? புதுச் செயின் போட்டதும் 108 என்பது 107 ஆனது. ஒரு டிகிரி செயினின் தேய்மானம். எஞ்சிய ஒன்று கேம் கடைந்ததில் இருந்த பிசகு.

இந்த மூன்று டிகிரியை எப்படி மீட்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, புள்ளியை நம்பி அப்படியே விட்டுவிடுவது. கைவைக்காத இன்ஜினுக்கு இதுவே சரி, வேறு எதுவும் தேவையில்லை. தொழிற்சாலை தன் கேம், தன் ஹெட் உயரம், தன் கேஸ்கெட் தடிமன் எல்லாவற்றையும் கணக்கிட்டே அந்தப் புள்ளியைக் குத்தியிருக்கிறது. ஹெட்டைச் சீவிய பிறகோ, வேறு கேம் போட்ட பிறகோ அந்தக் கணக்கு செல்லாது. அப்போதும் பலர் புள்ளியோடு நிறுத்திக்கொண்டு, கேம் சரியில்லை என்று பழி சொல்கிறார்கள். இன்னும் சிலர் ‘ஒரு பல் தள்ளிப் போட்டுப் பார்’ என்பார்கள். 34 பல்லில் ஒரு பல் என்றால் கேமில் 10.6 டிகிரி, கிராங்கில் 21 டிகிரி. மூன்று டிகிரி பிசகைத் திருத்த 21 டிகிரி தள்ளுவது வால்வைப் பிஸ்டனில் மோதவிடும் வேலை. இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது வழி அரம். வண்டியோடு வந்த ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு போல்ட் துளைகளையும் நீள்வட்டமாக்கிக் கேமை வேண்டிய அளவுக்குத் திருப்பிப் பூட்டுவது. என் ஸ்ப்ராக்கெட்டில் துளைகள் மையத்திலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கின்றன. கிராங்கில் மூன்று டிகிரி, அதாவது கேமில் ஒன்றரை டிகிரி என்றால் அந்த இடத்தில் 0.37 மி.மீ. மட்டுமே. மூன்று தாள்களின் தடிமன். ஊசி அரத்தால் நான்கு இழுப்பு, கழுவி மாட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. கேமை முன்னே கொண்டுவர வேண்டுமென்றால், சுழலும் திசையில் துளையின் முன்விளிம்பை மட்டும் அராவ வேண்டும், பின்விளிம்பைத் தொடக்கூடாது.

அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. முதல் முறை பழைய போல்ட்டுகளையே லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போடாமல் முடுக்கிவிட்டேன். 600 கிலோமீட்டரில் ஹெட்டிலிருந்து மெல்லிய தட்டல் ஒலி. திறந்து பார்த்தபோது ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. துளையின் ஓரத்தில் ஸ்ப்ராக்கெட் உரசிய பளபளப்பான தழும்பு. கேம் நழுவித்தான் இருந்தது, ஆனால் பழைய 107-க்குத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. பின்விளிம்பைத் தொடாததால் அதற்கு மேல் போக இடமில்லை. வால்வு தப்பித்தது. அன்றிலிருந்து புது போல்ட், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த நூல், லாக்டைட், முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் ஆகிய நான்கும் இல்லாமல் அந்த மூடியை நான் மூடுவதில்லை.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் இரட்டைத் தட்டு ஸ்ப்ராக்கெட். நடுத்தட்டு கேமோடும் பல்வட்டம் செயினோடும் சேர்ந்திருக்கும். இடையில் நீள்துளைகளும் போல்ட்டுகளும். தளர்த்தித் திருப்பி முடுக்கினால் போதும், பத்து நிமிட வேலை. அதன் மேல் கோடுகள் பொறித்திருந்தால் அவை கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்று முதலில் பாருங்கள். தவறாக எடுத்துக்கொண்டால் இரண்டு மடங்கு பிசகும். விலை கூடுதல் என்பது என் குறையன்று. நீள்துளையில் இருபுறமும் பல டிகிரிக்கு இடம் இருப்பதால், போல்ட் தளர்ந்தால் கேமைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை என்பதே என் குறை. தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு அதைவிட நல்லது இல்லை.

இரட்டைக் கேம் இன்ஜின் என்றால் என் தீர்ப்பு மாறும். ஒற்றைக் கேமில் இன்டேக் லோபும் எக்ஸாஸ்ட் லோபும் ஒரே தண்டில் இருப்பதால், அவற்றின் இடைக்கோணம் கடையும்போதே முடிவாகிவிடுகிறது. என் கேமில் இன்டேக் 104, எக்ஸாஸ்ட் 108, இடைக்கோணம் இரண்டின் சராசரியான 106. நான் எப்படித் திருப்பினாலும் ஒன்று கூடினால் மற்றது குறையும், 106 மாறாது. 1969-இல் வந்த, ஒற்றைக் கேம் கொண்ட ஹோண்டா சிபி750-க்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 1972-இல் 903 சிசியும் இரண்டு கேமுமாக வந்த கவாசாகி இசட்1-இல் ஒவ்வொரு கேமையும் தனித்தனியாக வைக்கலாம், இடைக்கோணத்தையே மாற்றலாம். அமெரிக்கப் பந்தய வீரர் எடி லாசன் 1981, 1982 ஆகிய இரு ஆண்டுகளும் அமெரிக்க சூப்பர்பைக் பட்டம் வென்றது அந்த வம்சத்துக் கவாசாகியில்தான். அதற்கு இன்ஜின் அமைத்தவர் ராப் மஸ்ஸி. அத்தகைய இன்ஜினில் இரட்டைத் தட்டு ஸ்ப்ராக்கெட் இல்லாமல் வேலை நடக்காது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் ஒவ்வொரு சோதனைக்கும் அரம் போட முடியுமா?

முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்பது அடுத்த கேள்வி. வால்வு 1 மி.மீ. எழும் இடத்தில் (லிஃப்ட்) அளந்தால் என் இன்டேக் 236 டிகிரி திறந்திருக்கிறது. 104-இல் வைத்தால், பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து 42 டிகிரியில் வால்வு மூடுகிறது. 108-இல் 46 டிகிரியில். சீக்கிரம் மூடினால் உள்ளே வந்த கலவை திரும்பி வெளியேறாது. நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும், சிலிண்டர் அழுத்தமும் கூடும். தாமதமாக மூடினால் மேல் வேகத்தில் மூச்சு நீளும், கீழே சோர்ந்துவிடும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர், திருப்பத்திலிருந்து வெளியேறும் இழுவைதான் அங்கே நேரத்தைத் தீர்மானிக்கும். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைத் தடம் 3.7 கிலோமீட்டர், மேல் வேகத்தில் ஓட அங்கே இடம் கூடுதல். முதலாவதற்கு 102 வரை முன்னே தள்ளுவேன், இரண்டாவதற்கு 106 வரை விடுவேன். சாலைக்கு 104. நகர நெரிசலில் கியரைக் குறைக்காமல் இழுக்க வேண்டிய வண்டியை 108-இல் வைப்பது வீண்.

ஆனால் முன்னே தள்ளும்போது இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். பின்னே இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு நெருங்கும். பிஸ்டன் தலையில் சிறுவர் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, களிமண்ணை வெட்டித் தடிமனை அளந்து பாருங்கள். இன்டேக்கில் 1 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் நான் அந்த அமைப்பைக் கைவிட்டுவிடுவேன். ஹெட் ஃபேஸிங் செய்தவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அளக்கும் முறையிலும் நல்லதும் அரைகுறையும் உண்டு. பிஸ்டன் மேல்மட்டத்தில் சில டிகிரிக்கு அசையாமல் நிற்பதுபோல இருக்கும். டயல் கேஜை மட்டும் வைத்து அந்த உச்சியைப் பிடித்தால் இரண்டு டிகிரி அங்கேயே பிசகலாம். பிளக் துளையில் ஒரு நிறுத்தியைத் திருகி, கிராங்கை முன்னும் பின்னும் முட்டும் வரை திருப்பி, இரண்டு அளவுக்கும் நடுப்புள்ளியை எடுப்பதுதான் நம்பத்தக்கது. லோப் சென்டருக்கும் இதே நியாயம்: முழு லிஃப்டுக்கு 0.5 மி.மீ. முன்னும் பின்னும் படித்து நடுவை எடுங்கள். கேமை அளக்கும்போது இன்ஜினை ஓடும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னே வந்து படிக்க வேண்டும். இல்லையென்றால் செயினின் தொய்வும் அளவில் சேர்ந்துகொள்ளும்.

செயினின் தொய்வைப் பிடித்து வைக்கும் டென்ஷனரில் எது மேல் என்ற சண்டை பழையது. சாலை வண்டிக்கு ஸ்ப்ரிங் வைத்த தானியங்கி டென்ஷனரே என் தேர்வு. கையால் திருகும் டென்ஷனர் அதிக ஆர்.பி.எம்.மில் பின்வாங்காது, உண்மை. ஆனால் தேவைக்கு மேல் அரைச் சுற்று முடுக்கினால் கைடும் செயினும் தேயும். தளரவிட்டால் செயின் அலைந்து டைமிங்கும் சேர்ந்து அலையும். அதைக் காதால் கேட்டுத் திருத்தத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

டேப்பட்டைப் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள சந்து) பொறுத்தவரை, பெரிய லிஃப்ட் கேமும் வலுவான ஸ்ப்ரிங்கும் போட்ட பிறகு, எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதை மறந்துவிடுங்கள். நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கிறேன். எக்ஸாஸ்ட் இறுகிக்கொண்டே வந்தால் வால்வு அதன் இருக்கையில் புதைகிறது என்று பொருள். இறுகிய வால்வு வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் எரியும். புதுக் கேமோடு பழைய ராக்கரை (லோபின் தள்ளுதலை வால்வுக்குக் கடத்தும் கை) சேர்ப்பது தவறான சிக்கனம். பழைய கேமின் தேய்மானம் பதிந்த ராக்கர் முகம் புது லோபைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆயிலை 1,500-இல் மாற்றுகிறேன்.

அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புது போல்ட்டுகளோடு மறுபடி பூட்டிய அன்று 104. புதுச் செயின் படிந்த பிறகு, 1,000 கிலோமீட்டரில் 104.5. 4,000-இல் 105. போல்ட்டுகள் அசையவில்லை, தழும்பு எதுவும் இல்லை, நகர்ந்தது செயின்தான். 106-ஐத் தொடும் நாளில் ஸ்ப்ராக்கெட்டை இன்னும் அராவ மாட்டேன், செயினை மாற்றுவேன்.